பொருத்தம் கேட்ட வெள்ளிக்கிழமை

26-9-94, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். எஸ்.டி.டி. பூத்துக்குள் உட்கார்ந்தால் பாதம் சில்லிடுகிறது. நாளையிலிருந்து காலுறை.

வாங்க: பில் மெஷினுக்குக் காகிதச் சுருள். பினாயில். மாமிக்குப் பனங்கற்கண்டு. எனக்குத் தலைவலி மாத்திரை.

பேப்பர் முழுக்க சூரத். பிளேக். எலியிலிருந்து வருவதாம், இருமினால் பரவுமாம். ஓசூருக்கும் சூரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேற்று வரை எல்லாரும் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சிப்காட்டுக்கு லோடு கொண்டுவரும் லாரிகள் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகின்றன என்று இன்று யாரோ பற்றவைத்துவிட்டார்கள். மதியத்துக்குள் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் முகத்தில் கைக்குட்டை. மெடிக்கலில் டெட்ராசைக்ளின் தீர்ந்துவிட்டது. பக்கத்து ஜெராக்ஸ் கடை மஞ்சுநாத் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு வந்து கன்னடமும் தமிழுமாக ஏதோ சொன்னான். ஒன்றும் விளங்கவில்லை. கட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "அக்கா, நீங்களும் கட்டிக்கங்க. ஊர் வாயெல்லாம் உங்க போன்லதான் வந்து பேசுது."

வாஸ்தவம்தான். ரிசீவரை டெட்டால் போட்டுத் துடைத்தேன். அடுத்து வந்த ஆள் மோந்து பார்த்துவிட்டு, "யாருக்கானா சீக்கா இங்க?" என்று திரும்பிப் போய்விட்டான். துடைத்தாலும் குற்றம்.

மாமிக்கு இன்று அரை டம்ளர் கஞ்சி இறங்கியது. அதிலும் கொஞ்சம் திரும்பி வந்தது. பெங்களூரில் வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்படியே தைத்து அனுப்பினார்களே, அதிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருக்கிறார். விஷயம் எனக்கும் நாத்தனார் ரஹ்மத்துக்கும் மட்டும் தெரியும். ஷார்ஜாவில் இருக்கும் மகனிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னது: வயிற்றுப் புண், ஆபரேஷன் ஆகிவிட்டது, சரியாகிறது. மாமிக்கும் அதே கதைதான் சொன்னோம். மாமி நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். நம்பாதது எனக்குத் தெரியும் என்பது மாமிக்கும் தெரியும்.

அடுத்த மாதம் அவர் லீவில் வருகிறார். அது வரைக்கும் தாங்கினால் போதும் யா அல்லாஹ்.

27-9-94, செவ்வாய்

தூறல் நின்றது. காலுறை போட்டால் செருப்பு நுழையவில்லை.

பூத்தில் கூட்டம். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடு ஒன்று விடாமல் வந்துவிட்டது. காதில் விழுந்தவை:

"பரபேட கண்ணா, பரபேட." பாகலூர்ப் பக்கத்து அம்மாள். மகன் துபாயில். வராதே வராதே என்று சொல்லிக்கொண்டே அழுகை. வெளியே வந்து முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு சில்லறை சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஏல, அங்கனயே இரி. இங்க ஒண்ணும் இல்ல, சும்மா புரளி. ஆனா நீ வராத." இது செல்வம். திருநெல்வேலிக்காரன், கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். தம்பி மஸ்கட்டில். புரளி என்றால் ஏன் வரக்கூடாது என்று தம்பி கேட்டிருப்பான் போல. "அது அப்படித்தாம்ல" என்றான்.

"அந்தக் கோழிய வித்துடாத. நான் வந்து பாத்துக்கறேன்." இந்த ஒரு ஆளுக்குத்தான் பிளேக்கைப் பற்றிக் கவலை இல்லை.

மற்றவர் பேச்சு காதில் விழ விழ சம்பளம் வாங்குகிற வேலை. வீட்டுக்குப் போனால் பேச ஆள் இல்லை. கல்யாணம் ஆகி ஐந்து வருடம், அவரோடு ஒன்றாக இருந்தது இரண்டு வருடம்கூட இல்லை. இவர் வேலை பார்த்த கம்பெனியை முதலாளி பூட்டினான், இவர் விமானம் ஏறினார். லீவில் வருகிறபோது கட்டிக்கொள்ள ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறேன். மாம்பழ நிறம். இரண்டு தடவை பிரித்துப் பார்த்தாயிற்று.

28-9-94, புதன்

மேகமூட்டம். காகிதச் சுருள் வாங்கியாயிற்று. பினாயில் மறந்துபோச்சு.

ரேடியோ: வளைகுடாவுக்கு விமானங்கள் நிறுத்தம். இந்தியாவிலிருந்து போகிறவர்களை உள்ளே விடமாட்டார்கள்.

முதலில் எனக்கு மண்டையில் ஏறவில்லை. இவர் வருகிறவர்தானே, போகிறவர் இல்லையே என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. வந்தவர் திரும்பிப் போக வேண்டுமே.

மதியம் போன். வெள்ளிக்கிழமைதான் அவர் பேசுகிற நாள். புதன்கிழமை மணி அடித்தபோது யாரோ என்று எடுத்தேன்.

"மைமூன், நியூஸ் கேட்டியா?"

"கேட்டேங்க."

"நேரா வர வழியில்ல. கொழும்பு சுத்திப் போற டிக்கெட் ஒண்ணு ஒருத்தன் புடிச்சுக் குடுத்திருக்கான். வந்துடலாம். திரும்பறதுதான். எப்ப தொறப்பாங்கன்னு யாருக்கும் தெரியல. போறவன் எடத்துல வேற ஆளப் போட்டுடுவேன்னு ஃபோர்மேன் வாய்விட்டே சொல்லிட்டான்."

புதுக் காகிதச் சுருளின் நுனியைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க."

"நீதான் கூட இருக்கற. நீயே சொல்லு. அம்மாவுக்கு முடியலன்னா வேற யோசனையே இல்ல, வந்துடறேன். வெள்ளிக்கிழம தொழுதுட்டு பண்றேன். வரவா, இருக்கவான்னு அன்னிக்கு சொல்லிடு."

வைத்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே நாலு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். லைன் எப்போது கிடைக்கும் என்றுதான் பார்த்தார்கள்.

நீயே சொல்லு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வருகிறது. பயமாகவும் இருக்கிறது. வரச் சொன்னால் வேலை போனது என்னால். வேண்டாம் என்றால் தாய் முகத்தைப் பார்க்காமல் போனது என்னால். எப்படிப் போட்டாலும் தலை என்னுடையது.

சிங்காரப்பேட்டைக்குப் போன் போட்டு ரஹ்மத்தை வரச் சொன்னேன்.

29-9-94, வியாழன்

ர. காலை பஸ்ஸில் வந்தாள். மூக்கில் கைக்குட்டை, கையில் மூட்டையாக வேர்க்கடலை. அம்மாவுக்குக் கடலை பிடிக்குமாம். கஞ்சியே இறங்காதவருக்கு.

சமையலறையில் மெதுவாகப் பேசினோம். மெதுவாக என்று நாங்கள் நினைத்தோம்.

"அண்ணி, இதுல யோசிக்க என்னா இருக்குது? அண்ணன் வரட்டும். பெத்த தாய். வேல போனா போவட்டும்."

"போவட்டும்னு நீ சொல்லிட்டு சிங்காரப்பேட்டைக்குப் போயிடுவ."

சொல்லியிருக்க வேண்டாம். அழுதாள். நானும்.

உள்ளேயிருந்து மாமி கூப்பிட்டார். இப்போதெல்லாம் கூப்பிடுவது என்றால் சுவரில் விரலால் தட்டுவது. ஒரு காலத்தில் நாட்றாம்பாளையம் மலையில் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்து, கீழே நின்றுகொண்டு மரத்து மேல் இருக்கிற ஆட்களைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் திட்டிக் கன்னடத்தில் முடிப்பாராம். அந்தக் குரலைக் கேட்டு அடுத்த தோப்பு ஆட்களும் வேகமாக உலுக்குவார்களாம். மாமா மவுத்தான பிறகு வியாபாரத்தைத் தனியாகச் செய்து இரண்டு பேரை ஆளாக்கியது அந்தக் குரல்தான். இப்போது சுவரில் தட்டல்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். மாமி சொன்னது, அப்படியே:

"எல்லாம் கேட்டுது. அவன் வந்து என் வாயில தண்ணி ஊத்துவான். அப்புறம்? முன்ன பூட்டினானே, அவனா கூப்புட்டு வேல குடுப்பான்? கெலவரப்பள்ளி ரோட்டுல கட்டற வீட்டுக்கு சுவரு மட்டும் நிக்குது. தளம் யாரு போடறது? எனக்காவ அவன் வர வேணாம்."

ர. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "சும்மனிரு" என்றார். கன்னடத்தில் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "மைமூனு, உனக்காவ அவன் வரணும்னா அது வேற. அத நீ வாயத் தொறந்து சொல்லு. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து வந்துவிட்டேன்.

நாளைக்குத் தானே வந்து மகனிடம் பேசுவாராம். அதுவரைக்கும் வாய் திறக்கப்போவதில்லையாம். குரலைச் சேர்த்து வைக்கிறாராம். பனங்கற்கண்டு போட்ட வெந்நீர் மட்டும் கேட்டார், சைகையில்.

பி.கு. மாலை பூத்தில் பில் மெஷின் மேஜைக்குக் கீழே செத்த எலி. எனக்கு உயிரே போய்விட்டது. நகராட்சிக்குத் தெரிந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பூட்டிவிடுவார்கள், நாளை போன் போச்சு. மஞ்சுநாத்தைக் கூப்பிட்டேன். அவன் எலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கைக்குட்டையை இன்னும் இறுக்கிக் கட்டினான். பழைய பேப்பரில் சுருட்டி (சூரத் செய்தி போட்ட பேப்பர்தான்) கிரோசின் ஊற்றிப் பின்னால் கொளுத்தினோம். "இது நம்ம எலி அக்கா. நான் வச்ச மருந்து தின்னு செத்துது. சூரத் எலி இல்ல" என்றான். அப்படியே இருக்கட்டும்.

30-9-94, வெள்ளி

முதலில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஜும்மா முடிகிற நேரத்துக்கு மாமியைத் தயார் செய்தோம். வெளியே போகும்போது போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டி வேண்டும் என்று சைகை. தலை வாரி, கண்ணுக்குச் சுர்மா. போனில் தெரியாது மாமி என்றேன். முறைத்தார்.

ஆட்டோ கிடைக்கவில்லை. ஒருவன் வாசல் வரை வந்து மாமியைப் பார்த்துவிட்டு, "காச்சலா? இருமல் இருக்குதா?" என்றான். வயிற்று நோய் என்றோம். "எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க" என்று போய்விட்டான். இன்னொருவன் வண்டியை நிறுத்தவே இல்லை. மாமியை நடத்திப் பார்த்தோம். வாசற்படி தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

மஞ்சுநாத்திடம் ஓடினேன். கடையிலிருந்த கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். தம்பிக்குப் போன் போட வந்து நின்ற செல்வத்தையும் கையோடு இழுத்து வந்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்க, ர. குடை பிடிக்க, நாற்காலி பின்னால் சாயாமல் நான் பிடித்துக்கொண்டேன். செல்வம் மெதுவாக, "அக்கா, ஆச்சி கனமே இல்லியே" என்றான். கனம் எங்கே இருக்கும்.

தெருவில் ஒரு வீட்டில் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். பழக்கப்பட்ட வீடு. பெருநாளுக்கு நாங்கள் பிரியாணி அனுப்புகிற வீடு. மாமி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு போனார்.

பூத்துக்குள் நாற்காலி நுழையவில்லை. கதவைத் திறந்து வைத்து, வயரை இழுத்துப் போனை மடியில் வைத்தோம். கூட்டத்தை மஞ்சுநாத் தள்ளி நிறுத்தினான். மணி அடித்தது. நான் எடுத்து, "அம்மா வந்திருக்காங்க, பேசுங்க" என்றேன்.

"அம்மாவா? பூத்துக்கா?" என்று அவர் சந்தோஷப்பட்டது எனக்குக் கேட்டது.

மாமி ரிசீவரை வாங்கினார். ஒரு தடவை மூச்சை இழுத்தார். பிறகு பேசினார். பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டிருக்கும்.

"ஏப்பா சலீமு. எனக்கு என்னா கேடு? நடந்துதான் வந்தேன். வழியில நின்னு கறி வெல கூட கேட்டுட்டு வரேன். இங்க ஊரே சீக்குன்னு மூஞ்சக் கட்டினு திரியுது. நீ எதுக்கு இதுல வந்து மாட்டிக்கற? இருந்து வேலயப் பாரு. நான் எங்க போயிடப் போறேன்?"

செல்வம் தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஷார்ஜாவிலிருந்து சிரிப்பு. கத்தாதீங்கம்மா, காது வலிக்குது என்று அவர் சொல்வது நன்றாகக் கேட்டது. மாமிக்கு முகமே மலர்ந்துவிட்டது. பிறகு குரலைச் சட்டென்று தாழ்த்தினார். மறைத்துக்கொள்ளத் தாழ்த்தினாரா, அவ்வளவுதான் மிச்சமா தெரியவில்லை.

"சலீமு. உன்ன சின்னதுல நெறைய அடிச்சிருக்கேன். ஏதானா தப்பு இருந்தா பொருந்திக்கப்பா. நான் உன்னப் பொருந்திக்கினேன். குடுத்த பாலு உட்பட."

எங்களில் இப்படிப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்பது இரண்டே நேரத்தில்தான். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள். இல்லாவிட்டால் சாகக் கிடக்கிறவர்கள். கேட்டால் "பொருந்திக்கிட்டேன்" என்று வாயால் பதில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கணக்குத் தீர்ந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது, இனி மறைக்க ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியதுகூட நிஜம்.

மாமி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஹஜ்ஜுக்கா போறேன்னு கேக்கறான்." ரிசீவரில், "ஆமாண்டா, நீ அனுப்பு, போறேன்" என்றார். அந்தப் பக்கம் மறுபடி சிரிப்பு.

ரிசீவரை என்னிடம் நீட்டினார். கொடுக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தடுக்கிற பிடி இல்லை. கேள்வி கேட்கிற பிடி.

அவர் சொன்னார்: "அம்மாவே வந்து பேசற அளவு இருக்காங்கன்னா எனக்கு நிம்மதி. நீ என்னா சொல்ற மைமூன்?"

வாங்க என்று ஒரு வார்த்தை. எனக்காக வாங்க என்றுகூடச் சொல்லியிருக்கலாம். மாமியே அனுமதி கொடுத்ததுதான். கூட்டம் முழுக்க என் வாயைப் பார்க்கிறது. அத்தனை பேருக்கு முன்னால் புருஷனை வா என்று சொல்ல வெட்கம். மாமி தன்னிடம் இருந்த குரலை எல்லாம் செலவழித்துச் சொன்னதை நான் ஒரு வார்த்தையில் கெடுப்பதா என்று ஒரு எண்ணம். வேலை போய் அவர் வீட்டில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிற பார்வை ஒன்று கண் முன்னால் வந்தது.

"அம்மா சொன்னதுதாங்க" என்றேன்.

"சரி" என்றார்.

2-10-94, ஞாயிறு

காந்தி ஜயந்தி, கடைகள் மூடல். பூத் மட்டும் திறந்திருந்தது. கூட்டம் இல்லை. வெயில் நன்றாக அடித்தது, மெத்தையைக் காயப்போட்டேன்.

வெள்ளிக்கிழமை போனோடு மாமிக்குக் குரல் போனது போனதுதான். கஞ்சியும் இல்லை. பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைக்கிறோம். ர. ஊருக்குப் போகவில்லை, தங்கிவிட்டாள். கடலை மூட்டை அப்படியே இருக்கிறது.

மத்தியானம் மாமி காதைக் காட்டச் சொன்னார். குனிந்தேன். காற்று மாதிரி வந்தது.

"அவன் பொருந்திக்கினேன்னு சொன்னானா? சிரிச்சான். அப்புறம் சொன்னானா? எனக்கு காதுல விழுல."

எனக்கும் விழவில்லை. சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

"சொன்னாங்க மாமி. நான் கேட்டேன்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைத் தேடி எடுத்து, "நீயும் பொருந்திக்க" என்றார். பொருந்திக்கிட்டேன் மாமி என்று உடனே சொல்லிவிட்டேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது. நானும் கேட்டேன். தலையை ஆட்டினார்.

மாம்பழப் புடவையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

4-10-94, செவ்வாய்

நேற்று விடியலில் ஃபஜ்ர் பாங்கு சொல்லும்போது மாமி மவுத். இன்னாலில்லாஹி. ர. கலிமா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கால்மாட்டில். மூச்சு எப்போது நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மய்யித்தைக் குளிப்பாட்ட வரும் அம்மாள் வாசலிலேயே நின்றார். "டாக்டர் சீட்டு இருக்குதாம்மா? கோவிச்சுக்காதீங்க, ஊரு நெலம அப்படி." எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உள்ளே கூட்டிப் போய் மாமியின் வயிற்றில் தையல் போட்ட தழும்பைத் திறந்து காட்டினேன். அந்த அம்மாள் அழுதுவிட்டார். அப்புறமும் கொஞ்சம் தள்ளி நின்று எப்படி எப்படி என்று சொன்னார். தண்ணீர் ஊற்றியது நானும் ர.வும்தான். நல்லதாய்ப் போயிற்று. மூன்று வருடமாக என்னைத் தூங்க வைத்த உடம்பு அது. அவர் ஷார்ஜா போன முதல் ராத்திரியிலிருந்து மாமி என்னைத் தனியாகப் படுக்க விடவில்லை.

ஜனாஸாவைத் தூக்கிப் போக ஆள் குறைவு. கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் பாதி, வராதவர்கள் பாதி. மஞ்சுநாத் கடையைச் சாத்திவிட்டு வந்து தெருமுனை வரை நடந்தான். கைக்குட்டை கட்டாத முகத்தோடு வந்தான், அதைக் குறித்து வைக்க வேண்டும். செல்வம் ஷிஃப்டிலிருந்து நேராக, யூனிஃபார்மோடு.

குழிக்குள் மகன் இறங்க வேண்டும். ர.வின் வீட்டுக்காரரும் மாமியின் தம்பியும் இறங்கினார்களாம். தம்பிக்கும் வயதாகிவிட்டது, ஏறும்போது கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்ததாம்.

ர. கேட்டாள்: "அண்ணனுக்கு எப்ப சொல்றது?" எதற்கு என்னையே கேட்கிறார்கள் எல்லாரும்.

5-10-94, புதன்

பூத் திறந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை.

- பினாயில் வாங்கியாயிற்று.
- மஞ்சுநாத்தின் நாற்காலியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். கழுவியதற்குக் கோபித்துக்கொண்டான்.
- பனங்கற்கண்டு பாதிப் பொட்டலம் மிச்சம்.

ஷார்ஜா கேம்ப் மெஸ் நம்பருக்கு இன்று மூன்றாவது முறையாக அடித்தேன். எடுத்தவன் மலையாளி. "சலீம் தூர சைட்டில் போயி. வெள்ளியாழ்ச்ச வரும். எந்தா விஷயம்? பறயணோ?" என்று அன்பாகத்தான் கேட்டான். ஒன்றுமில்லை, வீட்டிலிருந்து பேசினேன் என்று சொல்லுங்கள் என்றேன். முகம் தெரியாத ஒருவன் சாப்பாட்டுத் தட்டோடு நின்று இதைச் சொல்லி அவர் கேட்கக் கூடாது.

அப்படியானால் வெள்ளிக்கிழமை என் வாயால்தான்.

ரேடியோ: நோய் கட்டுக்குள் வந்துவிட்டது. விமானங்களை மறுபடி விடப்போவதாகப் பேச்சு. பாகலூர் அம்மாள் வந்து மகனிடம் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டுப் போனாள். அவள் மேல் எனக்கு எதற்கு எரிச்சல் வர வேண்டும். வந்தது.

7-10-94, வெள்ளி

பனி. ஜெராக்ஸ் கடை போர்டே தெரியவில்லை. பிறகு வெயில்.

காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அம்மா நம்மள விட்டுப் போயிட்டாங்க. அம்மா மவுத்தாயிட்டாங்க. ஏங்க, மனச திடப்படுத்திக்கங்க. மூன்றும் நன்றாக இல்லை. இந்தப் போனில் எத்தனையோ பேர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யாரும் நன்றாகச் சொன்னதில்லை.

ர. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மணி அடித்தது. எடுத்தேன்.

நான் வாய் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "மைமூன், அம்மா வந்திருக்காங்களா? போன் குடு, ஒரு சமாச்சாரம். இல்ல, உங்கிட்டயே சொல்லிடறேன். போன வெள்ளிக்கிழம வரைக்கும் கொழும்பு டிக்கெட்ட பையிலயே வச்சிருந்தேன். நீ வான்னு சொல்லுவன்னு நெனச்சேன். அப்புறம் அம்மா ஹஜ்ஜுனு சொன்னாங்க பாரு. மனசுல இருந்துதான் வாயில வந்திருக்குது. இங்கயே இருந்து வேல செஞ்சா அடுத்த வருஷம் அனுப்பிடலாம். டிக்கெட்ட அன்னிக்கே திருப்பிட்டேன். கூட நீயும் போ. ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

ர.வுக்கும் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"ஏங்க" என்றேன். அதற்கு மேல் காலையிலிருந்து சொல்லிப் பார்த்த ஒன்றும் வரவில்லை. "அம்மா இல்லீங்க. திங்கக்கிழம" என்று மட்டும் வந்தது.

லைன் போய்விட்டதோ என்று ஹலோ என்றேன்.

"அன்னிக்கு நடந்தா வந்தாங்க?"

"நாற்காலியில தூக்கினு வந்தோம்."

"அப்போ பொருத்தம் கேட்டது ஹஜ்ஜுக்கு இல்ல."

"இல்லீங்க."

இதுவரைக்கும் அவர் அழுது நான் கேட்டதில்லை. விமானம் ஏறின அன்றுகூட இல்லை. "மைமூன், நான் பொருந்திக்கினேன்னு சொல்லவே இல்லியே. சிரிச்சுட்டு உட்டுட்டேனே. கேட்டவங்களுக்கு நான் பதிலே சொல்லலியே."

"சொல்லிட்டீங்க" என்றேன்.

"இல்ல. சொல்லல. எனக்குத் தெரியும்."

"ஞாயித்துக்கிழம கேட்டாங்க. நீங்க சொன்னீங்கன்னு நான் சொல்லிட்டேன். கண்ண மூடிக்கினாங்க."

அவர் பக்கத்தில் யாரோ இந்தியில் சீக்கிரம் முடி என்று சொல்வது கேட்டது. அங்கேயும் வரிசை நிற்கும், வெள்ளிக்கிழமை.

"அடுத்த வாரம் பண்றேன்" என்றார்.

வாங்க என்று சொன்னேன். இந்தத் தடவை சொல்லிவிட்டேன். அதற்குள் வைத்துவிட்டார்.